பிறழ்வளர்ச்சி: ஒரு சொல்லும் அதன் வாக்கியங்களும்

பள்ளித் தேர்வுகளில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் வினா ஒன்று உண்டு. "கீழ்க்காணும் சொற்களைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக" என்பது அது. பொருள் தெரியாத சொல் வந்துவிட்டால் தப்பித்துக்கொள்ள ஒரு தந்திரமும் மாணவரிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. "ஆசிரியர் அகழி என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டார்" என்று எழுதிவிடுவார்கள். அகழி இருந்த இடத்தில் அங்காடியை வைத்தாலும், அந்தாதியை வைத்தாலும் அவ்வாக்கியம் அசையாமல் நிற்கும். இலக்கணப் பிழை ஒன்றும் இராது. ஆனால் அந்தச் சொல் அவ்வாக்கியத்துக்குள் குடிபுகவும் இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் சொல், பாடநூல்களின் அருஞ்சொற்பட்டியலில் எளிதில் காணக் கிடைக்காதது. 'டிஸ்பிளேசியா' என்பது அது. பாடநூலில் வாராவிடினும், மருத்துவச் சோதனைச்சாலையிலிருந்து வரும் தாளில் ஏறிக்கொண்டு என்றேனும் ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்துவிடக் கூடியது. அன்று வீட்டிலுள்ள பெரியவர்கள், படித்த பிள்ளை யாரோ அவரிடந்தான் அந்தத் தாளை நீட்டுவார்கள். இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிற் பலர் அத்தகைய பிள்ளைகளே. எனக்கும் இச்சொல்லுக்கும் உள்ள உறவு வேறு வகையானது. உடலிலிருந்து எடுக்கப்பட்ட திசுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, கண்டதை எழுதி அனுப்பும் நோயியல் துறையைச் சேர்ந்தவன் நான். ஆகவே இச்சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதுவது எனக்குத் தேர்வு வினா அன்று, அன்றாடத் தொழில்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இது கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'பிளேசிஸ்' என்றால் வனைதல், உருவாக்குதல். குயவர் களிமண்ணைப் பிசைந்து பானை வனைகிறாரே, அந்த வனைதல்தான். சுவருக்குப் பூசும் பிளாஸ்டரும், நம் கையிலுள்ள பிளாஸ்டிக்கும் இதே வேரிலிருந்து கிளைத்த சொற்களே. 'டிஸ்' என்னும் முன்னொட்டு, செம்மையாக அமையாமையைக் குறிக்கும். வயிற்றுக்கடுப்பை 'டிசென்டரி' என்கிறோம். குடல் செம்மையாக இல்லை என்பதே அச்சொல்லின் பொருள். ஆக, டிஸ்பிளேசியா என்பது செம்மையாக அமையாத வனைவு. உடலின் ஒரு திசுவோ உறுப்போ உருவாகும் முறையில் இயல்பு தவறியிருக்கிறது என்பதே இதன் கருத்து.

இச்சொல்லுக்கு உடன்பிறந்தார் பலர். ஓர் உறுப்பு உருவாகாமலே போனால் ஏப்ளேசியா. போதிய அளவு வளராவிட்டால் ஹைப்போபிளேசியா. உயிரணுக்கள் எண்ணிக்கையில் மிகுந்தால் ஹைப்பர்பிளேசியா. முதுமையில் ஆடவருக்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர் தடைப்படுவது இந்தக் கடைசி வகை. புகை பிடிப்போரின் மூச்சுக்குழலில் மெல்லிய மயிரிழைகள் கொண்ட உள்வரி மறைந்து, தோலைப் போன்ற தட்டையான வரி தோன்றும். ஒரு வகைத் திசு இருந்த இடத்தில் மற்றொரு வகை வந்து அமர்வதால் அது மெட்டாபிளேசியா. இவற்றைக் குறைவளர்ச்சி, மிகைவளர்ச்சி, மாறுவளர்ச்சி என்று தமிழில் சொல்வதில் இடர்ப்பாடு ஒன்றும் இல்லை. மருத்துவத்தைத் தமிழில் சொல்ல இயலுமா என்ற ஐயம் இன்னும் சிலருக்கு உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் வெளியிட்டார். ஐயத்துக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது என்று நான் கருதுகிறேன்.

டிஸ்பிளேசியாவுக்கு என்ன சொல்வது? 'தீய வளர்ச்சி' என்றால் கேட்பவர் நடுங்கிவிடுவார். 'கோளாறு' என்றால் கடிகாரத்துக்கும் பொருந்தும். 'பிறழ்வளர்ச்சி' என்பதே எனக்குப் பிடித்த சொல். அதற்கு ஓர் இலக்கணக் காரணமும் உண்டு. அது வினைத்தொகை. வினைத்தொகைக்கு உங்கள் ஆசிரியர் 'ஊறுகாய்' என்று எடுத்துக்காட்டுச் சொல்லியிருப்பார். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் அதில் மறைந்து கிடக்கின்றன. அவ்வாறே பிறழ்வளர்ச்சி என்றால் பிறழ்ந்த வளர்ச்சியா, பிறழ்கின்ற வளர்ச்சியா, இனிப் பிறழும் வளர்ச்சியா? தனியே நிற்கும் சொல் இதற்கு விடை சொல்லாது. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே நிலைதான். காலத்தை வெளிப்படுத்துவது வாக்கியத்தின் வேலை. நோயாளியோ தம் காலம் எது என்றுதான் அறியத் துடிக்கிறார்.

இதனைக் குழந்தைகளின் இடுப்பு மூட்டைக் கொண்டு விளக்கலாம். தொடை எலும்பின் உச்சி பந்துபோல் உருண்டது. இடுப்பெலும்பில் அதற்கு ஏற்ற கிண்ணம் ஒன்று உண்டு. சில குழந்தைகளுக்கு அந்தக் கிண்ணம் ஆழமின்றித் தட்டுப்போல் அமைந்துவிடும். பந்து அதில் நிலைகொள்ளாமல் வழுக்கும், சில வேளைகளில் வெளியேறியும் விடும். பெண் குழந்தைகளிடத்தும், தாயின் வயிற்றில் தலை மேலாக அமர்ந்திருந்த குழந்தைகளிடத்தும் இது மிகுதி. வலப்பக்கத்தைவிட இடப்பக்கமே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. கவனியாமல் விட்டால் குழந்தை நடக்கத் தொடங்கும்போது சாய்ந்து நடக்கும். நடுவயதுக்குள் மூட்டு தேய்ந்து வலியும் சேரும்.

இத்தாலியில் ஃபெராரா நகரில் மாரினோ ஓர்டோலானி என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். குழந்தையைக் கழுவிவிடும்போது தொடையில் ஏதோ 'களுக்' என்று அசைவதாக ஒரு தாய் அவரிடம் கூறினாள் என்பர். கூறியவள் மருத்துவம் படித்தவள் அல்லள். ஆனால் கை அறிந்திருந்தது. அந்த அசைவையே அவர் ஒரு சோதனை முறையாக்கி 1937-இல் வெளியிட்டார். இன்றும் பிறந்த குழந்தையின் தொடைகளை மடக்கி, மெல்ல விரித்து மருத்துவர் பார்க்கும் முறைக்கு அவர் பெயரே வழங்குகிறது. கருவி ஒன்றும் வேண்டாத, அரை நிமிடத்தில் முடிந்துவிடும் சோதனை அது.

கண்டபின் செய்வது என்ன? முன்னாளில் கால்களை வலிந்து இழுத்து, தவளைக் கிடையில் வைத்து, மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் கிடத்தினர். பந்து கிண்ணத்தில் அமர்ந்தது. ஆனால் பல குழந்தைகளுக்கு அப்பந்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பே நலிந்தது. செக் நாட்டு மருத்துவர் அர்னால்டு பாவ்லிக் 1940-களில் வேறு வழி கண்டார். தோள்களிலிருந்து கால்களுக்கு மெல்லிய வார்கள் இட்டு, தொடைகள் மடங்கி விரிந்த நிலையில் இருக்கச் செய்தார். குழந்தை அதனுள் காலை உதைக்கலாம், ஆட்டலாம். அந்த ஆட்டமே பந்தைக் கிண்ணத்தில் அமர்த்தி, கிண்ணத்தையும் ஆழமாக்கும். பிறந்த சில மாதங்களுக்குள் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் கத்திபடாமலே நலம் பெறுகின்றன. குயவரின் சக்கரத்தில் மண் ஈரமாக இருக்கும் வரையில் வாயைத் திருத்திக்கொள்ளலாமன்றோ?

இந்நோய்க்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் 'பிறவி இடுப்பு மூட்டு நழுவல்'. 1989-இல் பெல்கிரேடைச் சேர்ந்த கிளிசிச் என்ற மருத்துவர், இப்பெயர் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று எழுதினார். பிறவியிலேயே நழுவியிராத மூட்டுகளும் பின்னர் நழுவுகின்றன. நழுவாமலே கிண்ணம் மட்டும் ஆழமற்றிருப்பதும் உண்டு. ஆகவே 'பிறவி' என்பதை விடுத்து 'வளர்ச்சிக்காலப் பிறழ்வளர்ச்சி' என்னும் கருத்தமைந்த பெயர் நிலைபெற்றது. பெயர்தானே மாறியது என்று எண்ண வேண்டா. "பிறவி" என்றதும் நம் வீடுகளில் பேச்சு முடிந்துவிடும். விதி, முன்வினை, தாய் கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று அடுத்த வாக்கியங்கள் தாமே வந்து அமரும். "வளர்ச்சி" என்றாலோ, பிறந்த பின்னும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பது விளங்கும்.

அந்த வேலையில் நம் கையும் உண்டு என்பதற்கு ஜப்பானியர் சான்று காட்டினர். அங்கே குழந்தையின் கால்களை நீட்டி ஒட்டவைத்துத் துணியால் இறுகச் சுற்றும் வழக்கம் இருந்தது. 1975-ஐ ஒட்டி, அவ்வாறு சுற்றாதீர்கள், கால்கள் மடங்கித் தாமே அசைய விடுங்கள் என்று நாடெங்கும் தாய்மார்க்கும் பாட்டிமார்க்கும் எடுத்துரைத்தனர். முன்பு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்றரை வரை இருந்த மூட்டு நழுவல், ஆயிரத்துக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிற்று. குழந்தையைப் பலகையில் கால் நீட்டிக் கட்டிச் சுமந்த வட அமெரிக்கப் பழங்குடியினரிடையே இது மிகுதியாக இருந்தது. முதுகில் கால் விரித்து அமர்த்திச் சுமக்கும் ஆப்பிரிக்க மக்களிடையே அரிது. நம் தாய்மார் தலை நின்ற குழந்தையை ஒக்கலில் ஏற்றிக்கொள்ளும்போது, அதன் தொடைகள் மடங்கி விரிந்து தாயின் இடுப்பைத் தழுவி நிற்கின்றன. பாவ்லிக் வார் பூட்டி உண்டாக்கிய நிலையும் ஏறக்குறைய அதுவே. அறிந்து செய்தார்களோ அறியாமற் செய்தார்களோ, மூட்டுக்கு இயைந்த பழக்கம்.

"இக்குழந்தையின் இடது இடுப்பு மூட்டில் பிறழ்வளர்ச்சி காணப்படுகிறது" என்று இப்போது ஒரு வாக்கியம் அமைக்கலாம். எழுவாயின் இடத்தில் குழந்தை இல்லை என்பதைப் பாருங்கள். இடம் குறிக்கப்பட்டுள்ளது, பக்கம் குறிக்கப்பட்டுள்ளது, வினை நிகழ்காலத்தில் இருக்கிறது. "இது டிஸ்பிளேசியாக் குழந்தை" என்ற வாக்கியத்தில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

நுரையீரலுக்கும் இச்சொல் வழங்குகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை உயிர்ப்பிக்கச் செயற்கை மூச்சும் ஆக்சிஜனும் கொடுத்தபோது, பிழைத்த சிலரின் நுரையீரல் வளர்ச்சி சீர்கெட்டிருந்ததை 1967-இல் அமெரிக்க மருத்துவர் நார்த்வேயும் அவர் துணைவரும் கண்டு, அதற்கும் பிறழ்வளர்ச்சி என்றே பெயரிட்டனர். காப்பாற்றிய கருவியே ஊறும் செய்தது என்பது அதிலுள்ள துயரம். அதனை இங்கு விரிப்பின் பெருகும்.

இனி என் மேசைக்கு வரும் பிறழ்வளர்ச்சியைச் சொல்கிறேன். இங்கே சொல்லின் பொருள் சற்றே இடம் பெயர்கிறது. இதுவரை கூறியது உறுப்பு உருவாவதிலுள்ள பிறழ்ச்சி. இது, முற்ற வளர்ந்தவரின் திசுவில் உயிரணுக்களின் ஒழுங்கு கெடுவது. பெண்களின் கருப்பை வாயை எடுத்துக்கொள்வோம். இதைப் பற்றி வானொலியில் பேசுவதா என்று கூச வேண்டுவதில்லை. கூச்சத்தால் இழந்த உயிர்கள் நம் நாட்டில் மிகப் பல.

கருப்பை வாயின் மேல்வரியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக உயிரணுக்கள் தோன்றும். அடியடுக்கில் உள்ளவை சிறியவை, உருண்டவை, பெரிய உட்கருவை உடையவை; அவையே பெருகுபவை. மேலே ஏற ஏற அவை முதிர்ந்து தட்டையாகி, உச்சியில் மீன்செதில்போல் உதிரும். பிறழ்வளர்ச்சியில் இந்த முதிர்ச்சி தாமதப்படுகிறது. அடியடுக்கில் இருக்க வேண்டிய முதிராத உயிரணுக்கள் மேலும் ஏறி நிற்கின்றன. கீழ் மூன்றில் ஒரு பங்கில் நின்றால் இலேசானது. மூன்றில் இரு பங்கு ஏறினால் நடுத்தரம். அதற்கும் மேலே போனால் கடுமையானது. எவ்வளவு ஏறினாலும், அடியிலுள்ள மெல்லிய சவ்வைத் துளைத்துக் கீழே இறங்காத வரையில் அது புற்றுநோய் ஆகாது. துளைத்து இறங்குவதே புற்றுநோய். நாங்கள் நுண்ணோக்கியில் முதலில் தேடுவது அந்த வேலி அறுந்திருக்கிறதா என்பதைத்தான்.

உதிரும் உயிரணுக்களைத் துடைத்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தாலே இம்மாற்றம் தெரியும் என்று நிறுவியவர் ஜார்ஜ் பாப்பனிக்கலோ. 1883-இல் கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றில் பிறந்து, 1913-இல் அமெரிக்கா சென்றவர். 1928-இல் அவர் இதை முதலில் எடுத்துரைத்தபோது செவிசாய்த்தோர் சிலரே. 1941-இலும் 1943-இலும் டிராட் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சிகளுக்குப் பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 1953-இல் ரீகனும் அவர் துணைவரும் கருப்பை வாயின் இம்மாற்றத்துக்கு டிஸ்பிளேசியா என்ற சொல்லை எடுத்து ஆண்டனர். புற்றுநோய் என்ற பெயரை அதற்கு முந்திய படிக்குச் சூட்டக் கூடாது என்ற எண்ணத்தின் விளைவு அது. இதன் வேர் ஒரு வைரஸ் என்பதைப் பின்னர் ஹரால்டு சூர் ஹவுசன் காட்டினார். அதற்காக 2008-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி 2006 முதல் உலகில் வழங்கி வருகிறது.

ஒரு முறை நாற்பது வயதுள்ள தாயார் ஒருவரும், கல்லூரியில் படிக்கும் அவர் மகளும் அறிக்கையுடன் என்னிடம் வந்தனர். மகளின் கண்கள் சிவந்திருந்தன.

"சார், அம்மாவுக்குப் புற்றுநோயா?" என்றாள்.

"எந்த இடத்தில் அப்படி எழுதியிருக்கிறது, காட்டம்மா" என்றேன்.

அவள் விரல் டிஸ்பிளேசியா என்ற சொல்லின்மேல் போய் நின்றது. அதற்கு முன்னால் 'இலேசான' என்று பொருள்படும் அடைமொழி இருந்தது. விரல் அதைத் தாண்டிச் சென்றுவிட்டது. இரவு முழுவதும் அந்த ஒரு சொல்லை மட்டும் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்திருக்கிறாள். தேடினால் எல்லாம் கிடைக்கும்; இலேசும் கிடைக்கும், கடுமையும் கிடைக்கும், நாயின் இடுப்பும் கிடைக்கும். அஞ்சிய மனம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

தாயார் அதுவரை பேசாதிருந்தார். பிறகு, "ஏதோ வளருது என்கிறாளே ஐயா, எத்தனை நாளாக வளருது? இன்னும் வளருமா?" என்று கேட்டார்.

எழுத்தறிவு மிகுதியும் இல்லாத அந்த அம்மையார், மகள் ஓர் இரவு முழுதும் கேளாத கேள்வியைக் கேட்டுவிட்டார். வினைத்தொகையை விரிக்கச் சொன்னார். நான் தாளில் படம் வரைந்து, அடுக்குகளைக் காட்டினேன். இலேசான பிறழ்வளர்ச்சிகளிற் பாதிக்கு மேற்பட்டவை சிகிச்சையின்றித் தாமே மறைந்துவிடுகின்றன. சில அப்படியே நிற்கின்றன. மிகச் சிலவே மேற்படிக்கு ஏறுகின்றன. ஏறுபவைகூடப் புற்றுநோயாவதற்குப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். ஆகவே அவருக்கு வேண்டியது கத்தி அன்று. குறித்த காலத்தில் மறுசோதனை. "மாறும்" என்பதற்கும் "மாறக்கூடும்" என்பதற்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு சிறிது. வீடு திரும்பிய அவ்விருவருக்கும் அது தூக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் உள்ள வேறுபாடு. ஓராண்டு கழித்துச் செய்த சோதனையில் அம்மாற்றம் மறைந்திருந்தது.

எனினும் அச்சத்தைப் போக்குவதற்காகச் சொல்லை மெலிதாக்கிவிடுவதும் தகாது. "ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்பதும் பொய்யான வாக்கியமே. கடுமையான பிறழ்வளர்ச்சியை நீக்காமல் விட்டுவைத்தால் ஆபத்து மெய்யானது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிப் பெரியதோர் ஆய்வு நடந்தது. முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களை, பயிற்சி பெற்ற செவிலியர் பரிசோதித்தனர். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஊறுகாய்க்கு விடும் வினிகரிலுள்ள அதே பொருளைக் கருப்பை வாயில் தடவுவார்கள். பிறழ்ந்த இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். தக்கவர்களுக்கு உறையவைக்கும் சிகிச்சை அங்கேயே அளிக்கப்பட்டது. 31,343 பெண்கள் முன்வந்தனர். சோதனை நடந்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன என்று 2007-இல் வெளியான முடிவுகள் காட்டின. விலையுயர்ந்த கருவி ஒன்றும் அங்கு இல்லை. பிறழ்வளர்ச்சி என்னும் படி ஒன்று உண்டு, அங்கேயே தடுத்து நிறுத்தலாம் என்ற அறிவுதான் கருவி.

மூன்றாவதாக, பிறழ்ந்தே முடிந்த வளர்ச்சி ஒன்று உண்டு. எலும்புக்கூட்டின் பிறழ்வளர்ச்சிகள் அவ்வகையின. 2023-இல் அறிஞர் தொகுத்த வகைப்பாட்டில் இத்தகைய மரபுவழி எலும்பு நிலைகள் 771 இடம்பெற்றன. அவற்றோடு தொடர்புள்ள மரபணுக்கள் 552. இவற்றுள் பலரும் அறிந்தது கை கால்கள் குறுகி, உயரம் குறைந்து வளரும் அகான்டிரோபிளேசியா. 1878-இல் இப்பெயர் இடப்பட்டது. 'குருத்தெலும்பு உருவாகாமை' என்பது இதன் சொற்பொருள். உண்மையில் குருத்தெலும்பு உருவாகத்தான் செய்கிறது; அது எலும்பாக நீளும் முறைதான் வேறுபடுகிறது. பெயர் தவறாயினும் நிலைத்துவிட்டது. காரணமான மரபணு மாற்றம் 1994-இல் கண்டறியப்பட்டது. இந்நிலை உடையோரிற் பத்தில் எட்டுப் பேரின் பெற்றோர் இயல்பான உயரமுடையவர்களே. மாற்றம் புதிதாக நேர்ந்தது. குலத்தையோ குடும்பத்தையோ இதில் குறை கூற ஒன்றும் இல்லை.

இங்குதான் வாக்கியம் மனிதரைக் காயப்படுத்தும். குள்ளன் என்றும் கூனன் என்றும் விளிப்பதும், அப்படிப்பட்டவரைக் கண்டதும் சிரிக்கச் சொல்லித் திரைப்படங்கள் பழக்கியதும் நீங்கள் அறிந்ததே. படித்தவர்கள் அதே செயலை மருத்துவச் சொல்லால் செய்வார்கள். "அந்த டிஸ்பிளேசியா வந்திருக்கிறது" என்று மருத்துவமனைத் தாழ்வாரங்களில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். எலும்புக்கு உரிய சொல்லை ஆளுக்குச் சூட்டி, வினைமுற்றையும் அஃறிணை ஆக்கிவிட்டார்கள்! உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாட்டை இலக்கணத்தின் தொடக்கத்திலேயே வைத்த மொழி நம்முடையது. "அவருக்கு எலும்பு வளர்ச்சியில் பிறழ்வு உண்டு, அவர் வங்கியில் வேலை பார்க்கிறார்" என்பதில் பிறழ்வு எலும்போடு நின்றுவிடுகிறது, அவர் அவராகவே இருக்கிறார். தமிழ்நாட்டு அரசு 2010-இல் 'ஊனமுற்றோர்' என்பதை விடுத்து 'மாற்றுத்திறனாளிகள்' என்று துறையின் பெயரை மாற்றியதும், 2016-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் 147 செண்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தையும் உரிமைகளுக்குரிய 21 நிலைகளுள் ஒன்றாகச் சேர்த்ததும் இத்திசையில் எடுத்து வைத்த அடிகள். பெயரை மாற்றினால் மனம் மாறிவிடுமா என்று கேட்போர் உண்டு. உடனே மாறாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய பெயரை வைத்துக்கொண்டு மாறியதாகவும் நான் கண்டதில்லை.

பெயர் ஒரு மனிதர்மேல் ஒட்டிக்கொள்வது போதாதென்று, ஓர் ஊரின்மேலே ஒட்டிக்கொண்ட கதையும் நம் அண்டை மாநிலத்தில் உண்டு. கர்நாடகத்து மலைநாட்டில், சிவமொக்கா மாவட்டத்துச் சாகர் வட்டத்தில் ஹந்திகோடு என்றொரு சிற்றூர். 1970-களின் நடுவில், அங்குள்ள ஏழைத் தலித் குடும்பங்களிற் பலருக்கு இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் வலி கண்டு, நடக்க இயலாமற் போவது வெளியுலகுக்குத் தெரியவந்தது. சிலர் உயரம் குறைந்தும் இருந்தனர். அம்மக்கள் வயல் நண்டுகளை உண்பவர்கள். பயிருக்குத் தெளித்த பூச்சிமருந்து நண்டுகளில் ஏறி இந்நோயை உண்டாக்கியதோ என்று முதலில் ஐயுற்றனர். பின்னர் எக்ஸ்ரே படங்களையும் குடும்ப வழிமுறைகளையும் ஆராய்ந்தவர்கள், இது பெற்றோரில் ஒருவரிடமிருந்தே பிள்ளைக்கு வரக்கூடிய மரபுவழி நிலை என்று கண்டனர். 1994-இல் வெளியான எக்ஸ்ரே ஆய்வு, இதனை முதுகெலும்பையும் நீண்ட எலும்புகளின் முனைகளையும் பற்றிய பிறழ்வளர்ச்சிகளுள் ஒரு புதுவகை என்று வரையறுத்தது. ஆயினும் மருத்துவ நூல்களிலும் செய்தித்தாள்களிலும் இன்றளவும் வழங்குவது 'ஹந்திகோடு நோய்' என்ற பெயரே.

அவ்வூரார் அனைவருக்கும் அந்நோய் இல்லை. அந்நோய் உடையோர் அனைவரும் அவ்வூராரும் அல்லர். சிவமொக்கா, சிக்கமகளூரு மாவட்டங்களின் வேறு பல சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். என்னை எழுதச் சொன்னால், "மலைநாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் வாழும் சில குடும்பங்களில், இடுப்பு மூட்டையும் முதுகெலும்பையும் பற்றிய மரபுவழிப் பிறழ்வளர்ச்சி காணப்படுகிறது" என்று எழுதுவேன். நீண்ட வாக்கியந்தான், தாளில் இரண்டு வரி பிடிக்கும். அந்த இரண்டு வரியில், சம்பந்தமில்லாத எவர் வீட்டு வாசலிலும் நோயின் பெயர் எழுதப்படவில்லை.